டீச்சர் சேலைக்கு எடுத்த ஆரத்தி

நம் சலவைக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று முதலாளி கேட்டார். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. படித்தது அஞ்சாம் வகுப்புதான். ஆனாலும் இருபத்தாறு வருஷம் துணி வாங்குகிற மேஜையில் உட்கார்ந்து சீட்டு எழுதியதில் கை பழகியிருக்கிறது. எங்காவது எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கறைக்கு என்ன போடுவது, கஞ்சி எவ்வளவு, எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்பதையெல்லாம் உள்ளே இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு வாரத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நம் கஸ்தூரிக்கு வேலை போக இருந்த வாரம் அது. அவள் அந்த வாரத்தைக் கடந்த விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

அப்போது தஞ்சாவூரில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கடையில் நாங்கள் ஐந்து பேர். துணி வாங்குவது நான். உள்ளே காட்டன் துணி துவைப்பது கஸ்தூரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், கல்யாணம் ஆகி டவுனுக்கு வந்திருந்தாள். "அங்கயும் தண்ணியில நின்னேன், இங்கயும் தண்ணியில நிக்கிறேன், என்ன, இங்க அட்டை கடிக்காது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அறிவியல் டீச்சர் ஒருவர் எங்களிடம் துணி போட்டுக்கொண்டிருந்தார். வாரத்துக்கு மூன்று நாலு காட்டன் சேலை. வியாழக்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில், பச்சை ஒயர் கூடையில் அடுக்கிக்கொண்டு வந்து வைப்பார். அவரைப் பார்த்து அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாருமே எங்கள் கடைக்கு வர ஆரம்பித்திருந்தார்கள்.

ஒருநாள் அவர் ஒரு சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தார். மிளகு அளவுக்கு ரெண்டு மூணு ஓட்டை. பழைய சேலையாக இருக்கும் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் இன்னொரு சேலை. அதற்கடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமை, அந்த ரெண்டோடு மற்ற வாரங்களில் போட்டு ஓட்டையான ரெண்டையும் சேர்த்து நாலு சேலையைக் கொண்டுவந்து மேஜைமேல் பிரித்துப் போட்டார். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நான் குறை சொல்லணும்னு வரலம்மா. ஆனா பாருங்க, வீட்டுல நாங்க தோய்க்கிற துணி ஒண்ணுகூட இப்படி ஆகல. இங்க போடுறது மட்டும்தான் ஓட்டையாகுது. அதுக்கு என்ன அர்த்தம்?"

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். இப்போது இருப்பவருடைய அப்பா. நல்ல மனுஷர், ஆனால் ஆட்கள் முன்னால் பேச்சு வாங்கினால் முகம் சிவந்துவிடும். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வாங்குறப்ப ஓட்டை இருந்துச்சா?"

"இல்லீங்க. பிரிச்சுப் பார்த்துத்தான் வாங்கினேன். நல்லாத்தான் இருந்துச்சு."

நான் சொன்னது நிஜம். ஆனால் அந்த நிஜம் நேராகப் போய்க் கஸ்தூரி தலையில் விழுந்தது. வரும்போது நன்றாக இருந்த துணி போகும்போது ஓட்டை என்றால், நடுவில் கை வைத்தவள் அவள்தானே?

"ஏம்மா கஸ்தூரி, ப்ளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுறியா?"

"கலர் சேலைக்கு யாருங்க ப்ளீச்சிங் போடுவா?" என்றாள் கஸ்தூரி.

"அப்ப இது என்ன?"

முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமைக்குள்ள எனக்கு என்னன்னு தெரியணும். இல்லன்னா நீ வேற எடம் பாத்துக்க."

வேற இடம் என்று சொல்வது சுலபம். துணியைக் கெடுத்தவள் என்ற பேரோடு வெளியே போனால் இந்த ஊரில் எந்தச் சலவைக் கடையும் சேர்க்காது. அவளுக்கு இது தவிர வேறு வேலையும் தெரியாது. திரும்பவும் நடவுக்குப் போகலாம் என்றால், ஊரில் நடவு மெஷின் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சீட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கறை போகவில்லை என்றால் கஸ்தூரி விடாமல் மல்லுக்கட்டுவாள். அவசரத்தில் எதையாவது போட்டிருப்பாள் என்றுதான் என் மனசும் சொன்னது. வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். இதை உங்களிடம் மறைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

டீச்சர் போன பிறகு கஸ்தூரி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்த நாலு சேலையையும் எடுத்துக்கொண்டு இஸ்திரி மேஜைக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் தூக்குவாளியைத் திறந்தபோது, அவள் மட்டும் ஓட்டைகளைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இங்க வாங்களேன்."

போனேன்.

"எலி கடிச்சிருந்தா, ரெண்டு வெரலு ரெண்டு வெரலா அளந்தா கடிக்கும்?"

பார்த்தேன். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் ஒரே மாதிரி ரெண்டு விரல் இடைவெளி. ஒரு வரிசை, கொஞ்சம் தள்ளி இன்னொரு வரிசை.

"டீச்சர் கொண்டாரும்போது சேலைய எப்புடி மடிச்சிருப்பாங்க?"

அது எனக்குத்தான் தெரியும். நாம் நீளமாக மடித்து இஸ்திரி போடுகிறோம். டீச்சர் அப்படியில்லை, நோட்டுப் புத்தகம் மாதிரி சின்னதாக, சதுரமாக மடிப்பார். ஒவ்வொரு வாரமும் அந்த மடிப்பைப் பிரித்துப் பார்த்தவள் நான். என் கை தானாக மடித்தது. அதுவரை ஆறு கஜத்திலும் தள்ளித் தள்ளிக் கிடந்த ஓட்டை வரிசைகள், மடிக்க மடிக்கக் கிட்டக் கிட்ட வந்தன. கடைசி மடிப்பு மடித்ததும் எல்லாம் ஒரே முகத்துப் பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து, கட்டம் போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டன. மறுபக்கத்தில் ஒன்றுகூட இல்லை. நாலு சேலையிலும் இதே கதை.

ஒரு சேலையை மறுபடியும் பிரித்து மடித்துப் பார்த்தேன். அதே கட்டம்.

"இங்க வந்தப்பறம் பட்டிருந்தா நம்ம மடிப்புலல்ல வந்திருக்கணும்?" என்றாள் கஸ்தூரி. "இது அவுங்க வீட்டு மடிப்புல பட்டதுக்கா."

"வர்றப்ப ஓட்டை இல்லையே கஸ்தூரி. நான்தானே பார்த்தேன்."

"ஓட்டை இல்ல. ஆனா எதோ பட்டிருக்கு." தன் விரலைக் காட்டினாள். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஆறிவரும் ஒரு வெட்டு. "போன வாரம் இவுங்க துணிய நனைக்கிறப்ப இந்தக் காயம் எரிஞ்சுச்சு. வேற யாரு துணிக்கும் எரியல. சோப்புன்னா எல்லாத்துக்கும்ல எரியணும்? எலுமிச்சம்பழச் சாறு பட்ட மாதிரி ஒரு எரிச்சல்."

நாம் எல்லாரும்தான் தண்ணீரில் கை வைக்கிறோம். எரிந்தால் கையை உதறிவிட்டு அடுத்த துணியை எடுப்போம். எந்தத் துணிக்கு எரிந்தது என்று அவள் ஞாபகம் வைத்திருந்தாள்.

புளிப்பான ஏதோ ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் துணியில் இருக்கிறது. அதைக் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது? ரெண்டு நாள் கஸ்தூரி ஓட்டைச் சேலைகளை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் வந்து என்னிடம் கேட்டாள்.

"அக்கா, ஆரத்தித் தண்ணியில எலுமிச்சம்பழம் புழிஞ்சா என்னாகும்?"

"யாராவது ஆரத்தியில எலுமிச்சம்பழத்தப் புழிவாங்களா?"

"எங்க அண்ணன் கல்யாணத்துல பந்திக்கு வெட்டுன பழம் ஒண்ணு தட்டுல விழுந்துருச்சு. செவப்பா இருந்தது விழுந்த எடத்துல மஞ்சளாப் போச்சு. கெட்ட சகுனம்னு எங்க அத்தை ஊரக் கூட்டிருச்சு."

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், அதுதான் ஆரத்தி. மஞ்சள் கறைமேல் சோப்பு பட்டால் சிவப்பதும் அதனால்தான், நீங்களும் பார்த்திருப்பீர்கள். புளிப்பு பட்டால் சிவப்பு போய் மறுபடியும் மஞ்சளாகிவிடும். அவள் அதைத்தான் பிடித்திருந்தாள்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஓட்டை போட்டது பத்தாதுன்னு மஞ்சத்தண்ணி வேற ஊத்தப்போறியா? சரி, நாளைக்குத் துணி வந்ததும் உள்ள கொண்டுபோய், அவுங்களுக்குத் தெரியாம ஒரு ஓரத்துல பார்த்துடு."

"தெரியாமப் பண்ண மாட்டேங்க" என்றாள் கஸ்தூரி. "உள்ள கொண்டுபோய்ப் பண்ணுனா, நாமளே எதையோ ஊத்திட்டுக் காட்டுறோம்னு ஆயிரும். அவுங்க கூடையில இருந்து எடுத்து, அவுங்க கண்ணு முன்னாடிதான் பண்ணணும்."

"தப்பாப் போச்சுன்னா?"

"அவுங்க முன்னாடியே தப்பாப் போகட்டும்."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வேலை போகப்போகிறது. ஒளித்துச் செய்ய வழியும் இருக்கிறது, முதலாளியே சொல்கிறார். அந்த நேரத்தில் அந்த வழியை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு வரும்? எனக்கு வந்திருக்காது.

வியாழக்கிழமை டீச்சர் கூடையோடு வந்தார். அவரிடம் கேட்க வேண்டியது என் பொறுப்பு என்று ஆகிவிட்டது. சேலையில் ஆரத்தி மஞ்சளைத் தடவிப் பார்க்க விட வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"மஞ்சள் கறை போகாதேம்மா" என்றார் டீச்சர்.

"ஒருநாள் நல்ல வெயில்ல கெடந்தாப் போயிரும் டீச்சர்" என்றாள் கஸ்தூரி. "போகலன்னா சனிக்கிழமை நானே போயிர்றேன்."

டீச்சர் அவளையே பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். "மேல இருக்கறத எடுத்துக்கங்க" என்றார்.

"இல்லீங்க டீச்சர், ஓட்டை ஒரு முகத்துல மட்டுந்தான் இருக்கு, கீழேருந்துதான் பட்டிருக்கணும். எல்லாத்துக்கும் அடியில இருக்கறதுதான் வேணும்."

நாலு சேலையில் அடியில் இருந்தது சந்தன நிறக் காட்டன். புதுசு. டீச்சர் மூச்சை இழுத்து விட்டார். "சரி, எடுங்க."

நான்தான் கூடையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். கஸ்தூரி கிண்ணத்தில் மஞ்சள் கரைத்து, துளி சுண்ணாம்பு விட்டுச் சிவக்க வைத்திருந்தாள். "டீச்சர் சேலைக்கு ஆரத்தி எடுக்குறேன், எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. துணிச் சுருளை நனைத்து மடிப்பின்மேல் தடவினாள்.

சிவந்தது. முழுக்கச் சிவந்தது. ஒரு புள்ளிகூட மஞ்சளாகவில்லை.

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டினார். கஸ்தூரி கையில் துணிச் சுருள் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு என் கை ஞாபகம் வந்தது. யார் துணி என்று மையால் குறி போடுவதற்காகத் துணியை எடுத்தால் நான் கவிழ்த்துத்தான் வைப்பேன். இத்தனை வருஷப் பழக்கம், யோசிக்காமலே நடக்கும். கவிழ்த்திருந்தால் கூடையில் அடியில் இருந்த பக்கம் மேலே வந்திருக்கும், கஸ்தூரியும் அதை நம்பித்தான் மேலே தடவினாள். ஆனால் கவிழ்த்தேனா, கவிழ்க்கவில்லையா? மேஜைமேல் குறி போடுகிற மைப் புட்டியைக் காணோம். இன்றைக்கு மையை எடுக்கவே இல்லை. குறி போடாததால் கவிழ்க்கவும் இல்லை.

"திருப்பு" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கஸ்தூரி, திருப்பு. அடிப்பக்கம் கீழயே இருக்கு. நான் எடுத்தபடியே வச்சுட்டேன்."

அவள் திருப்பித் தடவினாள். சிவப்பு பரவியது. பரவும்போதே, அதற்குள் ஒரு மஞ்சள் புள்ளி விழித்தது. பக்கத்தில் இன்னொன்று. ரெண்டு விரல் தள்ளி இன்னொன்று. வரிசையாக, கட்டம் கட்டமாக, யாரோ உள்ளேயிருந்து பொட்டு வைத்த மாதிரி வந்துகொண்டே இருந்தது.

முதலில் வாய் திறந்தது டீச்சர்தான். "அமிலம்" என்றார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ, இதைத்தானே நான் ஏழாவது பசங்களுக்கு மஞ்சள் தாள் வச்சு வருஷா வருஷம் காட்டுறேன்! என் சேலையிலேயே இருந்திருக்கு, எனக்குத் தோணலையே!"

கஸ்தூரி காலிக் கூடையைத் தூக்கிக் கவிழ்த்தாள். அடிப்பின்னலில் ஒயருக்கும் ஒயருக்கும் நடுவே சின்னச் சின்னச் சந்து. ரெண்டு விரல் இடைவெளி. சேலையில் இருந்த கட்டம் அப்படியே அங்கே இருந்தது. ஒயர் பிளாஸ்டிக், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"இந்தக் கூடைய வீட்டுல எங்க வைப்பீங்க டீச்சர்?"

"வாசல்கிட்டத்தான். போகும்போது மறக்கக் கூடாதுன்னு புதன்கிழமையே அடுக்கி..." அப்படியே நிறுத்தினார். "இன்வெர்ட்டர் பேட்டரிமேல."

உடனே செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தது அவருடைய மாமனார். நாகப்பட்டினம் பக்கம் விவசாயம் பார்த்தவர், அந்த வருஷம்தான் மகன் வீட்டோடு வந்திருந்தார்.

"மாமா, பேட்டரிக்குத் தண்ணி நீங்களா ஊத்துறீங்க?"

"ஆமாம்மா. தம்பி மறந்துடுறான்னு நாந்தான் வாரா வாரம் பாத்துக்கிறேன். ஒரு சொட்டு கொறைய விட மாட்டேன்."

"எவ்வளவு ஊத்துவீங்க?"

"ரொம்ப. வாய் வரைக்கும்."

"அதுல கோடு போட்டிருக்குமே மாமா, அதுக்கு மேல ஊத்தக் கூடாது. ஊத்துனா சார்ஜ் ஏறும்போது ஆசிட்டோட பொங்கி வெளிய வந்துரும்."

"கோடா? நான் கடைமடைக்காரன்மா. தண்ணி கெடைக்கிறப்பவே ரொப்பிக்கணும், நாளைக்கி வருமோ வராதோ."

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். டீச்சரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் மண்ணில் ஆயுசு முழுக்க வானத்தையும் மதகையும் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர். பாத்திரத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தால் அவருக்கு மனசு கேட்காது. அவரை யார் கோபித்துக்கொள்ள முடியும்?

ஆசிட் பட்ட நூல் வேகாத சேமியா மாதிரி, பார்க்க முழுசாகத்தான் இருக்கும், கசக்கினால் உதிரும் என்று டீச்சரே எங்களுக்கு விளக்கினார். தண்ணீரில் போட்டுக் கசக்குகிற வரைக்கும் அது ஓட்டை என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் நான் பார்த்தபோது நல்ல துணி, கஸ்தூரி கையில் கிழிந்த துணி.

முதலாளி கஸ்தூரியிடம் வந்து, ஆட்கள் முன்னால்தான் திட்டினேன், ஆட்கள் முன்னாலேயே சொல்கிறேன், என் தப்பு என்றார். டீச்சரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருநாள் எங்க ஸ்கூலுக்கு வந்து இதை என் பசங்களுக்குச் செஞ்சு காட்டணும்" என்றார். கஸ்தூரி "நானா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் போனாள், அது வேறு விஷயம்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். ஒரு துணி கெட்டு வந்தால், யார் கெடுத்தது என்று கேட்பதற்கு முன்னால், எங்கே கெட்டிருக்கிறது என்று பாருங்கள். வந்தபோது எப்படி மடித்திருந்ததோ அப்படியே மடித்துப் பாருங்கள். உங்கள் கைக்கு எரிந்தால் எந்தத் துணிக்கு எரிந்தது என்று ஞாபகம் வையுங்கள். பதில் உங்களுக்குப் பாதகமாக வரலாம் என்று தோன்றினாலும், அந்தத் துணிக்கு உரியவர் எதிரிலேயே சோதியுங்கள்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு கஸ்தூரி அந்தச் சந்தன நிறச் சேலையைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சுண்ணாம்புத் தெளிநீரில் முக்கினாள். ஆசிட் இருக்கிற வரைக்கும் மஞ்சளாக இருக்கும், அது செத்ததும் சிவக்கும் என்றாள். ஒவ்வொரு புள்ளியாகச் சிவந்து மறைவதை ரெண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிப் புள்ளி போனதும் நல்ல தண்ணீரில் அலசினாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "கஸ்தூரி, நானும் உன்னத்தான் நெனச்சேன்" என்றேன்.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"மொதலாளி கேட்டப்ப நீங்க என்னயப் பாக்கவே இல்லையே. சீட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"அப்பறம் ஏன் மடிச்சுக் காட்டறதுக்கு என்னக் கூப்புட்ட?"

"என்னைய நம்புற ஆளக் கூப்புட்டா, நான் சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடும். அத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நம்பாத கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான்க்கா அது நெசம்."

அவள் சேலையின் ஒரு முனையை என் கையில் திணித்தாள்.

"போதும், நல்லாப் புடிங்க, புழியணும். தயங்காம முறுக்குங்க."

நான் ஒரு பக்கம் முறுக்க, அவள் எதிர்ப்பக்கம் முறுக்கினாள். தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். ஒரு நூல்கூட இற்றுப்போகவில்லை.